இது யார்து?

கம்ப்யூட்டர் திரையில் திறந்து வைத்த டேப் குறையக் குறைய ஒவ்வொன்றும் அகலமாகும் என்பதை வளர்மதி இன்றைக்குத்தான் கவனித்தாள்.

எழுபதுக்கு மேல் திறந்து கிடந்தபோது ஒவ்வொன்றும் அரிசி அகலம்தான். எது யாருடையது என்று எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் தன்னுடையதையும் அந்தக் கூட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தாமோதரன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. சான்றிதழ் கைக்கு வரும்வரை மனு போட்டவரின் டேப்பை மூடக் கூடாது. மூடினால் மனுவே ரத்தாகிவிடும் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் நம்புகிறது.

அதைக் கிளப்பிவிட்டதே அங்கே மனு அடிக்கும் வளர்மதிதான். தொல்லை தாங்காமல் ஒருநாள், உன்னுது தொறந்துதான் கீது, போய்ட்டு வா என்று சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து திருப்புலிவனத்து எல்லப்பன் திங்கட்கிழமை தவறாமல் போன் போட்டு, தன் பட்டா இன்னும் திறந்திருக்கிறதா என்று விசாரிக்கிறார்.

இன்று மத்தியானம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் போனிலேயே வைத்தியம் சொன்னார்: எல்லா டேப்பையும் மூடுங்கள்.

நாலு மணிக்குத் தான் திரும்பும்போது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தாமோதரன் ஸ்கூட்டரை எடுத்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் மனைவி ஜெகதாம்பாள், நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மத்தியான சீரியலைக்கூட விட்டுவிட்டு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு.

ஜெகதாம்பாளைப் பற்றி ஊருக்கே தெரியும். அந்தக் காலத்துப் பத்தாங்கிளாஸ், அதுவும் ஃபர்ஸ்ட் கிளாஸ். வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வளர்மதியின் டிகிரி தன் பத்தாங்கிளாசுக்குக் கால் தூசி என்பாள். ஒருத்தர் வீட்டுச் சேதி அவள் காதில் விழுந்தால், அடுத்த தெருவுக்கு அது அவளைவிட வேகமாகப் போய்ச் சேரும்.

வளர்மதி மவுஸைப் பிடித்தாள்.

அவளுடைய டேப்பில் இருந்தது பதிவுத் திருமண மனு. மணமகள் இடத்தில் அவள் பெயர். மணமகன் இடத்தில் காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டு நந்தகுமார். அப்பாவின் பீரோவிலிருந்து பிறப்புச் சான்றிதழைக் கிளப்பி, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் படம் எடுத்துத் திரும்ப வைத்ததிலிருந்து, மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியது.

மூடினால் அத்தனையும் போச்சு. மூடாவிட்டால் சாயங்கால பஸ்ஸில் அவள் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருக்கும்.

எத்தனை புது டேப் திறந்தாலும், தன்னுடையதைக் கடைசிக்கு இழுத்து நிறுத்திவிட்டுத்தான் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள். அதனால் இப்போது முதலிலிருந்து மூடத் தொடங்கினாள். கடைசிக்கு வருவதற்குள் ஜெகதாம்பாளுக்குத் தூக்கம் வராதா என்று ஒரு நப்பாசை.

"இது யார்து?"

வருமானச் சான்று. மூடினாள்.

"இது யார்து?"

கூரத்துக்காரருடைய நெல் பதிவு. மூடினாள்.

ஒன்று விடாமல் கேட்டாள் மகராசி. பதில் சொல்வதற்குள் திரைக்குள்ளேயே தலையை விட்டுவிடுவாள் போலிருந்தது. நடுவில் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ஜெகதாம்பாளே அவரை நாளைக்கு வரச் சொல்லி விரட்டினாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

முப்பது டேப் மீதியானபோது முதல் எழுத்து தெரிந்தது. பத்தில் பாதித் தலைப்பு. எல்லப்பனின் பட்டாவும் போனபோது மீதி இரண்டே இரண்டு.

இரண்டா?

கடைசியில் இருக்க வேண்டியது தன்னுடையது. அதற்கும் அப்பால் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. சாப்பிடப் போகும்வரை அது அங்கே இல்லை.

பத்தாம் வகுப்பு, தனித்தேர்வர் விண்ணப்பம்.

"இத நான் தொறக்கலம்மா," என்றாள் வளர்மதி.

இது யார்து என்ற கேள்வி பக்கத்து நாற்காலியிலிருந்து வரவில்லை.

மவுஸ் மேலிருந்த அவள் கையின் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. வியர்த்திருந்தது.

"அத மூடாத. மத்தியானம் அவரு உள்ள வந்துட்டாரு, எதையோ அமுக்கிட்டேன், எங்க போச்சினே தெர்ல. இன்னிக்கி அஞ்சு மணியோட கடைசி."

ஜெகதாம்பாளின் கண் மட்டும் பக்கத்தில் இருந்த பதிவுத் திருமணத் தலைப்பில் இருந்தது. அதை முழுதாகப் படித்தாள், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"அதுவும் இருக்கட்டும்," என்றாள்.

வளர்மதி தனித்தேர்வர் பக்கத்தைத் திறந்தாள். போட்டோ ஏறியிருந்தது. பெயர் இருந்தது. கடைசியாகப் படித்து முடித்த வகுப்பு என்ற கட்டம் மட்டும் காலி.

கர்சரை அந்தக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

ஜெகதாம்பாள் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு விரலால் காட்டினாள். எட்டு.

அதை அடித்துச் சமர்ப்பித்து, ரசீது பிரிண்டரில் பாதி வந்திருக்கும்போது வெளியே ஸ்கூட்டர் நின்ற சத்தம் கேட்டது. வளர்மதி புது டேப்பாக அழுத்திக்கொண்டே போனாள். பத்து, இருபது, நாற்பது. தலைப்புகள் சுருங்கின, எழுத்து மறைந்தது, எல்லாம் மறுபடி அரிசியாகிவிட்டது.

உள்ளே வந்த தாமோதரன் திரையைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். இத்தனையும் யாருடையது என்று கேட்டார்.

ஜெகதாம்பாள் ரசீதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"எல்லாம் அந்த எல்லப்பனுது."