தறி என்றொரு டேக்

"பவர்லூம்னு ஒரு எழுத்துகூட வெளிய போவக் கூடாது. புரிஞ்சுதாம்மா?" என்றார் சந்திரமோகன். காலையிலிருந்து இதே பாட்டு. தலையாட்டித் தலையாட்டி மதிவதனிக்குக் கழுத்தே வலித்தது.

ஆரணியில் அவருக்குப் பட்டுக்கடை, கடைக்குப் பின்னால் ஷெட். ஷெட்டில் இருந்ததெல்லாம் கரண்டில் ஓடும் பவர்லூம். அதில் ஒன்றை ஓட்டுகிறவன் எல்லப்பன், கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் மதிவதனியின் கணவன்.

தீபாவளிக்குப் பிறகு ஆர்டரே இல்லை. எல்லப்பன் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். இந்த ஆர்டரும் கைநழுவினால் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

கேட்டிருந்தது பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டல் கம்பெனி. வரவேற்பில் நிற்கும் பெண்களுக்கெல்லாம் கலப்புப் பட்டில் யூனிஃபார்ம் புடவை. நூலளவும் வித்தியாசமில்லாமல் ஒரே அச்சாக இருக்க வேண்டுமாம். சரக்கு விவரத்தை எக்ஸ்எம்எல் ஃபைலாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு புடவைக்கும் நிறம், நீளம், எடை, தறி என்று தனித்தனி டேக், டேக்குக்கு நடுவே அதன் விவரம்.

'தறி' என்ற டேக்கைப் பார்த்ததும்தான் முதலாளிக்கு வியர்த்துவிட்டது. கைத்தறிப் பட்டுக்குத்தான் மதிப்பு என்பதால், பவர்லூம் என்று சொல்லும்போதே குரலைத் தாழ்த்திப் பழகியவர் அவர்.

அவங்களே கேட்டதுதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மதிவதனி சொல்லிப் பார்த்தாள்.

"கேக்கறதே நம்மளக் கழிக்கறதுக்குத்தாம்மா. பவர்லூம்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? பேஜார் பண்ணாம ஜல்தியா எடு."

கையால் ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தால் பொங்கலே வந்துவிடும். அவள் ஒரு ஸ்டைல்ஷீட் எழுதினாள். அது ஃபைலை மேலிருந்து கீழ்வரை படித்து, வேண்டாம் என்றதை விட்டுவிட்டு, மற்றதை அப்படியே புது ஃபைலில் இறக்கிவிடும். முதல் தடவை ஓட்டியபோது டேக் மட்டும் போய், நடுவிலிருந்த 'பவர்லூம்' அம்போவென்று அங்கேயே நின்றது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அந்த டேக்கைக் கண்டால் எதையும் எழுதாதே என்று சொல்லும் ஒரு காலி டெம்ப்ளேட்டை ஸ்டைல்ஷீட்டில் சேர்த்து மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை டேக்கும் போயிற்று, உள்ளே இருந்ததும் போயிற்று.

அவளுக்குத்தான் சங்கடமாக இருந்தது. புருஷன் ஓட்டுகிற தறியைத் தானே இல்லையென்று சொல்லிவிட்ட மாதிரி ஒரு குறுகுறுப்பு. அவனுக்கு வேலை வந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஃபைலை அனுப்பினாள்.

பதில் வரவில்லை. "எதுனா வந்துச்சா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த எல்லப்பன், ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் முதலாளியே பெங்களூருக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தார். எடுத்த பெண் தமிழ்க்காரி, தன்மையாகவே பேசினாள். ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். இவர்கள் சொன்ன விலையில் குறையில்லையாம், நிறமும் பிடித்துத்தான் இருந்ததாம். வந்த ஃபைல்களை அவர்களும் ஒரு ஸ்டைல்ஷீட் போட்டுத்தான் சலித்தார்களாம். அதில் இவர்கள் சரக்கு ஒன்றுகூடத் தேறவில்லையாம்.

"எதனாலங்க தேறல?" என்று கேட்டாள் மதிவதனி. முதலாளி ரிசீவரின் அருகே காதைக் கொண்டுவந்தார்.

"கைத்தறின்னா ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காதுங்களே. நாங்க பவர்லூம் மட்டும்தாங்க பொறுக்கினோம்."