நூற்றுப் பன்னிரண்டு கணக்குகள்

ஆறாவது கடையிலும் எனக்கு வீட்டு வயரிங் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

"கரண்டு புக்குதானே கேட்டீங்க? இதுதாங்க நல்லா ஓடுது."

சீட்டைக் காட்டினேன். என் மனைவி மெர்சி எழுதிக் கொடுத்த சீட்டு. எம்.எஸ்சி. இயற்பியல், எலக்ட்ரோடைனமிக்ஸ், விடையோடு பயிற்சிக் கணக்குகள். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் சுலபமான புத்தகம் ஏதாவது எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

பாலக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒரு கடை விடவில்லை. மோட்டார் காயில் கட்டும் புத்தகம் இருக்கிறது, போலீஸ் தேர்வுப் புத்தகம் இருக்கிறது, கோலப் புத்தகம்கூட இருக்கிறது. இந்த ஊரில் ஒருத்தி எம்.எஸ்சி. படிப்பாள் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஜெராக்ஸ் கடையில் பழைய கேள்வித்தாள் கட்டு ஒன்று கிடைத்தது. நிறுவுக, வருவிக்க, விவரிக்க. நாற்பது பக்கத்தில் ஒரு கணக்கு இல்லை.

போனில் இல்லாததா என்று கேட்காதீர்கள். கேள்வி வரும். விடையைத் தொட்டால் பணம் கட்டு என்னும். கட்டினால் வேறு ஏதோ கணக்கின் விடை வரும். மெர்சி நேற்று போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள்.

நிறுவுவதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில்தான் இரண்டு முறை கோட்டை விட்டாள். திங்கட்கிழமை மூன்றாவது முறை. அதோடு சரி, அப்புறம் அந்தப் பேப்பரை எழுத விடமாட்டார்களாம். மற்ற எல்லாவற்றிலும் பாஸ். இந்த ஒன்று போனால் பட்டமே கிடையாது.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒரு வருடம் அலைந்து சேர்த்த நூற்றுப் பன்னிரண்டு கணக்குகள். அத்தனைக்கும் விடை போட்டு வைத்திருந்தாள்.

அதைச் சிநேகிதி காவியாவிடம் இரவல் கொடுத்தாள். திருப்பிக் கொடுக்க வந்தபோது உங்கள் வீடு பூட்டியிருந்தது, ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு வந்தேன் என்கிறாள் காவியா. போட்டிருந்தால் எங்கே போகும் என்கிறாள் மெர்சி. ஒரே சீட்டில் உட்கார்ந்து காலேஜுக்குப் போனவர்கள், பத்து நாளாக ஆளுக்கொரு பஸ்ஸில் போகிறார்கள்.

அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நான் வேலை பார்க்கும் பொம்மைக் கம்பெனியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் அனுப்புகிற நேரம் இது. பேக்கிங்கில் இருப்பவன் இப்போது லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார்? சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

வேறு வழியில்லை. மதியம் காவியாவின் ஊரான நல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

காவியா வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு நோட்டோடு வந்தாள். இரவல் வாங்கிய நாட்களில் நூற்றுப் பன்னிரண்டையும் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறாள்.

"ஜெராக்ஸ் எடுத்துக்குங்கண்ணா. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா அவ தொடவே மாட்டா."

கடையில் கிடைத்தது என்று சொல்லித்தான் மெர்சியிடம் கொடுத்தேன். ஆசையாக வாங்கிப் பிரித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மூன்றாவது பக்கத்தில் அவள் முகம் மாறிவிட்டது.

"பாத்தீங்களா, காவியா கையெழுத்து! அத்தனையும் என் கணக்கு. காப்பியடிச்சிட்டு நோட்ட அமுக்கிட்டா. திருடி!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். டீ போடட்டுமா என்றுதான் வந்தது.

எங்கள் வீட்டில் ஜன்னலுக்குக் கீழே உள்பக்கம்தான் பழைய பேப்பர் கட்டு கிடக்கும். சீசனில் பொம்மை சுற்றப் பேப்பர் பற்றாது, வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்பார் முதலாளி. காவியா நோட்டைப் போட்டதாகச் சொல்லும் நாளுக்கு மறுநாள் காலையில், கட்டை அப்படியே அள்ளிக்கொண்டு போனேன்.

பேப்பரோ பழைய நோட்டோ, கையில் வந்ததைக் கிழித்துச் சுற்றுவதுதான் வேலை. பொம்மை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்போமே தவிர, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒட்டகம், இடையர்கள், மாடு, ஆட்டுக்குட்டிகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன.

கடைசி ஆட்டுக்குட்டிக்குத் தாளை எடுத்தபோதுதான் மெர்சியின் கையெழுத்து கண்ணில் பட்டது. கணக்கு நூற்றுப் பன்னிரண்டு. கீழே விடை, அதைச் சுற்றி ஒரு கட்டம்.

வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிகளைப் பிரிக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஆட்டுக்குட்டியையும் அதிலேயே சுற்றி வைத்தேன்.