வாய்க்கால் புல்

ஈரலின் குறுக்கே கத்தியை இழுத்தபோது, மணலை அறுப்பது போல் கரகரவென்று ஓசை எழுந்தது.

வெட்டுண்ட குழாய்களிலிருந்து துளசி இலை அளவில், பழுப்பு நிறத்தில், தட்டையான புழுக்கள் ஒவ்வொன்றாக வழுக்கி வெளியே வந்தன. சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

சின்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய கணவர் சாமிக்கண்ணு மட்டும் குனிந்து, நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுவா டாக்டரம்மா எஞ் செவலயத் தின்னுச்சு?"

கால்நடை மருத்துவர் மாலதி தலையசைத்தார். பிறகு, கை கழுவத் தண்ணீர் வேண்டும் என்றார். சாமிக்கண்ணு வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குழாயை நோக்கி நடந்தார்.

மூன்று மாதங்களாகவே செவலை இளைத்துவந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பைபோல் தொங்கியது. முள் குத்தியிருக்கும் என்று ஊரார் சொன்னதை நம்பி, மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டதில் நாள்கள் கழிந்தன. நேற்று மாலை படுத்த பசு, விடிந்தபோது எழவில்லை.

"தண்ணி தேங்குற எடத்துல மேய விட்டீங்களாம்மா?"

"இல்லவே இல்ல. போன மழையில முகாமுக்கு வந்தப்ப நீங்கதான சொன்னீங்க, ஈரல் புழு வரும், அவுத்து வுடாதீங்கன்னு. அன்னியிலேர்ந்து கட்டுத்தறியிலதான். அவருதான் புல்லு அறுத்தாந்து போடுவாரு."

"எங்கேர்ந்து?"

சின்னம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால், வெள்ளாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால். கோடையிலும் அதன் ஓரத்துப் புல் கரும்பச்சையாக நிற்கும். இடுப்பளவு நீரில் இறங்கித்தான் அதை அறுக்க வேண்டும்.

மருத்துவர் வாய்க்காலைப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது.

"நத்தையிலேர்ந்து வர்ற புழு, கண்ணுக்கே தெரியாது, அந்தப் புல்லுலதாம்மா ஒட்டிட்டிருக்கும். மாடு போய் மேஞ்சாலும் ஒண்ணுதான், பச்சையா அறுத்துக்கிட்டு வந்து போட்டாலும் ஒண்ணுதான். அத நான் அன்னிக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

சின்னம்மாளின் காதில் முதல் பாதி மட்டுமே விழுந்தது.

ஒவ்வொரு நாளும் வெயில் ஏறுமுன் சாமிக்கண்ணு அரிவாளோடு வாய்க்காலில் இறங்குவார். சொட்டச் சொட்டக் கட்டைத் தலையில் சுமந்து, தெரு நடுவே நிமிர்ந்து வருவார். ஒரு நாள் எதிர்வீட்டு விருத்தாம்பாள், "இன்னா மாமா, மவ வூட்டுக்குச் சீர் எடுத்துக்கினு கெளம்பிட்டியா?" என்று கேலி செய்தாள். அதைக் கேட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் காணச் சின்னம்மாள் பதினோரு மாதங்கள் காத்திருந்தாள்.

வாளி தளும்பும் ஓசை நெருங்கி வந்தது.

"எதனாலன்னு சொன்னாங்களா?" என்றார் சாமிக்கண்ணு.

மருத்துவர் வாயைத் திறந்தார். அதற்குள் சின்னம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் மாமா. நீ மாத்தர வாங்கச் செதம்பரம் போற அன்னிக்கெல்லாம் நான் அவுத்து வுட்டுட்டேன். அது போயி பள்ளத்துல மேஞ்சிருக்குது."

வாளி தரையில் இறங்கியது.

"அடிப்பாவி! வேளா வேளைக்கு அறுத்தாந்து போட்டனேடி. வாயில்லாத சீவன் உன்ன இன்னாடி பண்ணுச்சு?"

சின்னம்மாள் தலைகுனிந்து நின்றாள். மருத்துவர், கைகளை வாளியில் அமிழ்த்தியவாறு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், உரம் வாங்கிவரச் சொல்லிப் புவனகிரிக்கு மகன் அய்யனாரை அனுப்பியவர் சாமிக்கண்ணு. அவன் போன வண்டி மட்டும் திரும்பி வந்தது, நசுங்கிய நிலையில். "நாந்தான் அனுப்பிச்சேன்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் அவர் பதினாறு நாள்கள் பேசவில்லை. பதினேழாம் நாள், பூச்சிமருந்துப் புட்டியோடு அதே வாய்க்கால் கரையில் கிடந்தார்.

அவரைப் பிழைக்கவைத்த சிதம்பரத்து மருத்துவர், சும்மா உட்கார விடாதீர்கள், தினமும் ஒரு வேலை இருக்கட்டும் என்றார். அதற்காகத்தான் சின்னம்மாள் செவலையை வாங்கினாள்.

சாமிக்கண்ணு செவலையின் கொம்பை ஒருமுறை தடவினார். பிறகு கொட்டகையை நோக்கித் திரும்பினார். அங்கே எட்டு மாதக் கிடாரிக் கன்று, தாயின் வாசனை வந்த பக்கமாய் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"இத ஒருத்தரும் தொடக் கூடாது. இதையாவது நான் பாத்துக்கறேன்."

கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு, அவர் கொல்லைப்புறமாக இறங்கினார். அந்த முதுகு நிமிர்ந்திருந்தது.

மருத்துவர் பதறி எழுந்தார். ஈரம் சொட்டிய அவருடைய மணிக்கட்டைச் சின்னம்மாள் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"கன்னுக்குட்டிம்மா..." என்றார் மருத்துவர்.

சின்னம்மாள் பிடியைத் தளர்த்தவில்லை.

வாய்க்காலிலிருந்து அரிவாள் ஓசை கேட்கத் தொடங்கியது. பழகிய ஓசை. கன்று காதுகளை விடைத்து எழுந்தது. கயிறு எட்டும் மட்டும் நடந்து வந்து, அந்தத் திசையை நோக்கிக் கழுத்தை நீட்டி நின்றது.