உடை மாற்றும் அறை

இறால் கம்பெனியின் உடை மாற்றும் அறையில் டியூப்லைட் வெள்ளையாக எரிகிறது. சுவருக்கு அப்பால் ஐஸ் உடைக்கும் சத்தம் ஓயாமல் கேட்கிறது. ஆர்.எஸ்.மங்கலம் வேனில் வந்த பெண்கள் வளையல், தோடு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு வெள்ளைக் கோட்டை மாட்டுகிறார்கள். பூங்கோதை மட்டும் தயங்கி நிற்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். நேற்றுவரை தாலிக்கயிற்றை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டால் போதுமாக இருந்தது. இன்று முதல் அதுவும் கூடாது. "எறாக்குள்ள ஒரு நூலு கெடந்தாலும் வெளிநாட்டுக்குப் போன கண்டெய்னரே திரும்பி வந்துரும். கழட்டுனா உள்ள வா, இல்லன்னா வேன்ல போயி உக்காரு" என்கிறாள் சூப்பர்வைசர் முருகலட்சுமி. "கழட்டுடி, ஒம் புருசன் என்ன ஐஸுல வச்ச எறாவா, எடுத்தா கெட்டுப்போக?" என்கிறாள் ஈஸ்வரி. அவள் தன்னுடையதை முதல் ஆளாகக் கழற்றி வைத்தவள். யாரும் சிரிக்கவில்லை.

பூங்கோதையின் ஊரில் கயிறு மாற்றும்போது புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்பார்கள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. அவள் டப்பாவைப் பார்க்கிறாள். பிறகு மாஸ்க்கை எடுத்து, அதன் கீழ் நாடாக்களைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் நிதானமாக முடிகிறாள். அதன் பின் மஞ்சள் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி டப்பாவுக்குள் வைத்து மூடுகிறாள். "மாஸ்க்குக்கு எதுக்குடி மூணு முடிச்சு?" என்று பின்னாலிருந்து ஈஸ்வரி கேட்கிறாள். பூங்கோதை மாஸ்க்கை மூக்குவரை ஏற்றி, மேல் நாடாவை ஒரே முடிச்சாகக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறாள்.