நாரையக்காவின் கறுப்பு பூட்ஸ்

ஐப்பசி மழை பிடித்ததும் நாரையக்காவுக்கு பூட்ஸ் ஆசை வந்துவிட்டது. தன் சிவந்த கால்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே சலித்துப்போயிருந்தது. அணில் அத்தை புதுவீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு, ஒருவராவது தன் காலைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் பதினோரு ஜோடி போட்டுப் பார்த்தாள். கூடப் போன மைனா கொட்டாவி விட்டாள்.

"அக்கா, அங்கே பால் பொங்கி ஆறியே போயிருக்கும்."

கடைசியில் முழங்கால்வரை பளபளக்கும் கறுப்பு பூட்ஸ் அமைந்தது.

விசேஷ வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகளைப் பார்த்த பிறகுதான் நாரைக்கு உறைத்தது. உள்ளே பூட்ஸோடு எப்படிப் போவது?

"இதை முன்னாடியே யோசிக்கலையா அக்கா?"

"நீயும்தானே கூட வந்தே," என்று முனகிக்கொண்டே கழற்றிப் போட்டாள்.

உள்ளே தரையில் உட்கார்ந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த அணில் அத்தைக்கு, வருகிறவர்களின் கால் மட்டும்தான் தெரிந்தது.

"யாரும்மா அது, சிவப்பு பூட்ஸோட சாமிகிட்டே வர்றது? அழகாத்தான் இருக்கு. ஆனாலும் வாசல்ல கழட்டிட்டு வா தாயி."

"இது கழட்ட வராது அத்தை," என்றாள் நாரை. குரல் குழைந்துபோயிருந்தது.

திரும்பும்போது நல்ல மழை. நாரையக்கா பூட்ஸை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு, சேறு படாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

"மழைக்குத்தானே அக்கா அதை வாங்கினது?" என்றாள் மைனா.

"கடைத்தெருவைச் சுத்திக்கிட்டுப் போகலாம் வா," என்றாள் நாரை. "அங்கேதான் கூட்டம் இருக்கும்."