பொருந்திய கையெழுத்து

மேல்முறையீட்டு அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலில் மதிய வெயில் கூசுகிறது. நடுங்கும் வலக்கையை இடக்கையால் அழுத்திப் பிடித்தபடி தையல்காரர் கூடுதல் சான்றுப் படிவத்தில் கையெழுத்திடுகிறார். கை நடுக்கத்துக்காகக் கேட்ட உதவித்தொகை மறுக்கப்பட்டவர். குமாஸ்தா பழைய விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார். “அச்சு அசலா அப்படியே இருக்கே. கை நடுங்குதுன்னு சொன்னீங்க?” தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை உருவி ஜன்னலுக்குள் தள்ளுகிறாள். “போன தடவை கையெழுத்து பொருந்தலைன்னு திருப்பி அனுப்பினது நீங்கதானே சார்? ஒரு மாசமா உட்கார்ந்து பழகினாரு.” மின்விசிறிக் காற்றில் நோட்டு தானாகப் புரள்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கோணல்மாணலாக ஒரே பெயர். சில இடங்களில் பேனா தாளையே கிழித்திருக்கிறது. குமாஸ்தா முத்திரையை மையில் ஒற்றி, நோட்டின் முதல் பக்கத்தில் மெதுவாக அழுத்துகிறார்: கூடுதல் சான்று, பெறப்பட்டது.