மியோகோவின் விரல்

"சிஸ்டமேட்டிகலின்னா ஒண்ணு விடாம, வரிசையா, ஒழுங்கா செய்யறது. அர்த்தம் புரியுது, வாக்கியம்தான் வரமாட்டேங்குது!" ஜப்பானின் ஒசாகா நகர வீட்டில், அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்ன இங்கிலீஷ் வகுப்பின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் மசாரு.

அவர் மனைவி மியோகோ அடுப்பை நோக்கி விரலை நீட்டினாள். "கேஸ், மூடியாச்சு!" அடுத்து ஜன்னலை நோக்கி நீட்டினாள். "கொக்கி, போட்டாச்சு!"

"அடுப்புக்குக் காது கேக்காதும்மா. பக்கத்து வீட்டுக்காரன் தினமும் சிரிக்கறான்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்க பத்து மணி வண்டிய விட்டுடாதீங்க!" பையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் கிளம்பிவிட்டாள்.

மசாரு ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, புல்லட் ரயில் புறப்படத் தயாராக நின்றது. மூச்சிரைக்க அதன் முகப்புக்கே போய் எட்டிப் பார்த்தார்.

ஓட்டுநர் இருக்கையில் புதுத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக மியோகோ! அவள் தனியாக வண்டியெடுக்கும் முதல் நாள்.

"கதவு, மூடியாச்சு! நேரம், சரி!" அதே விரல், அதே குரல்.

ஆயிரம் பேரைச் சுமந்துகொண்டு ரயில் வழுக்கி நகர்ந்தது.

பிளாட்பாரமே திரும்பிப் பார்க்க, மசாருவும் அவளை நோக்கி விரலை நீட்டிக் கத்தினார்:

"வாக்கியம், கிடைச்சாச்சு!"